பிரிட்டனில் ‘படைக்கு வரமாட்டேன்’ என்றவர்கள், 1914–1919: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் உலகப் போரின் நடுவில் பிரிட்டிஷ் அரசு கட்டாய ராணுவச் சேவையைக் கொண்டுவந்தது. மனசாட்சியைக் காரணம் காட்டி அதை மறுத்தவர்கள் சுமார் 16,000 பேர் என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் கணக்கு. பின்னால் பெயர் பெயராகத் தொகுத்த பட்டியல் அதை 20,000-க்குப் பக்கத்தில் கொண்டுபோயிருக்கிறது. தமிழில் இவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் ‘அமைதிவாதிகள் சிறை சென்றனர்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் சிறைக்கே போகவில்லை. ‘இதற்கு மேல் செய்யமாட்டேன்’ என்று ஒவ்வொருவரும் கோடு கிழித்த இடமும் வேறு வேறு. அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் மீதி எல்லாம் புரிந்துவிடும்.

கட்டாயச் சேவைச் சட்டம் எப்போது வந்தது? யாருக்குப் பொருந்தியது?

1914 ஆகஸ்ட் 4-ல் போர் தொடங்கியபோது பிரிட்டனில் தானாக முன்வந்தவர்களைக் கொண்ட படைதான் இருந்தது. 1915 கோடையில் நாடு முழுக்கப் பெயர்ப் பதிவு எடுத்தார்கள். இலையுதிர்காலத்தில் டெர்பி பிரபுவின் திட்டத்தில், ‘கூப்பிட்டால் வருகிறேன்’ என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்கிப் பார்த்தார்கள். அதுவும் போதவில்லை. 1916 ஜனவரி 27-ல் ராணுவச் சேவைச் சட்டம் நிறைவேறி, மார்ச் 2 முதல் நடைமுறைக்கு வந்தது. 18 முதல் 41 வயதுக்குள் இருந்த, மணமாகாத ஆண்களும் குழந்தையில்லாத மனைவியிழந்தவர்களும் அதில் அடங்கினார்கள். அதே ஆண்டு மே மாதம் மணமானவர்களையும் சேர்த்தார்கள். 1918-ல் வயது வரம்பு 50-ஐத் தொட்டது. அயர்லாந்தை மட்டும் விட்டுவைத்தார்கள்.

சட்டத்தின் முடிச்சு ஒரே சொல்லில் இருந்தது. தகுதியுள்ள ஆண் படையில் சேர்ந்துவிட்டதாகவே ‘கருதப்படுவார்’. அவர் கையெழுத்துப் போட வேண்டியதில்லை, உறுதிமொழி எடுக்க வேண்டியதில்லை. மார்ச் 2 விடிந்தபோது, வீட்டில் தூங்கி எழுந்தவர் சட்டத்தின் கண்ணில் சிப்பாய். ஆகவே அவர் மறுத்தால் அது குடிமகனின் மறுப்பு ஆகாது, சிப்பாயின் கீழ்ப்படியாமை. ராணுவ நீதிமன்றத்துக்கு அவர் மேல் அதிகாரம் வந்தது இந்த வழியாகத்தான்.

மறுத்தவர்கள் எல்லாரும் குவேக்கர்களா?

இல்லை. குவேக்கர்கள் என்பது போரையே ஏற்காத கிறிஸ்தவச் சபையினர். ஆனால் படைவயதில் இருந்த குவேக்கர் ஆண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் தானே போய்ப் படையில் சேர்ந்தார். மறுத்தவர்களில் மெதடிஸ்டுகள், பிளிமத் சகோதரர்கள், கிறிஸ்டடெல்ஃபியர்கள், பின்னாளில் யெகோவாவின் சாட்சிகள் என்று பெயர் பெற்ற பைபிள் மாணவர்கள் ஆகிய கிறிஸ்தவப் பிரிவினர் பெரும் பங்கு. கடவுள் நம்பிக்கையே இல்லாத சோஷலிஸ்டுகளும் நிறைய. ‘முதலாளிகளின் சண்டையில் ஜெர்மன் தொழிலாளியை நான் ஏன் சுட வேண்டும்?’ என்பது அவர்கள் வாதம். அவர்களில் சிலர் எல்லாப் போரையும் எதிர்த்தவர்களும் அல்லர், இந்தப் போரைத்தான் எதிர்த்தார்கள்.

கிறிஸ்டடெல்ஃபியர்கள் கதை விசித்திரமானது. கடவுளைத் தவிர இன்னொருவருக்குப் படை உறுதிமொழி எடுப்பதுதான் அவர்களுக்குப் பாவம். வெடிமருந்துத் தொழிற்சாலையில் கூலிக்கு வேலை செய்ய அவர்களுக்குத் தடை இல்லை. ஒரு குவேக்கர் இதைக் கேட்டால் தலையில் கைவைப்பார். ஆனால் தீர்ப்பாயத்துக்கு இது வசதி: ‘சரி, அங்கே போய் வேலை செய்’ என்று சொல்லிவிடலாம்.

இவர்களுக்கு அமைப்பு ஏதும் இருந்ததா?

இருந்தது: நோ-கான்ஸ்கிரிப்ஷன் ஃபெல்லோஷிப், அதாவது கட்டாயச் சேவையை எதிர்ப்போர் கழகம். சுருக்கமாகக் ‘கழகம்’ என்று வைத்துக்கொள்வோம். 1914 நவம்பரில், கட்டாயச் சேவை பேச்சளவில்கூட உறுதியாகாத காலத்தில், ‘லேபர் லீடர்’ பத்திரிகை ஆசிரியர் ஃபென்னர் பிராக்வே ‘படைக்குப் போக மறுப்பவர்கள் பெயர் தாருங்கள்’ என்று தன் பத்திரிகையில் கடிதம் போட்டார். யோசனை அவர் மனைவி லில்லாவுடையது. தொடக்கத்தில் அவர்கள் வீட்டிலேயே பெயர்களைப் பதிந்தார்கள். பிறகு லண்டனில் அலுவலகம் வந்தது, கிளிஃபர்ட் ஆலன் தலைவரானார். சட்டம் வருவதற்கு ஒன்றேகால் வருஷம் முன்பே பெயர்ப் பட்டியல் கையில் இருந்தது. இந்த இயக்கம் சிதறாமல் நின்றதற்கு மேடைப் பேச்சைவிட இந்தப் பட்டியலே பெரிய காரணம்.

விலக்கு கேட்பது எப்படி நடந்தது?

சட்டத்தில் விலக்குக்கு நான்கு காரணங்கள் இருந்தன: நாட்டுக்கு வேண்டிய வேலை, குடும்பக் கஷ்டம், உடல்நலக் குறைவு, கடைசியாக மனசாட்சி. குவேக்கர் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இந்த நான்காவதற்காக வாதாடினார்கள்.

படிவத்தை நிரப்பி உள்ளூர்த் தீர்ப்பாயத்துக்குக் கொடுக்க வேண்டும். நாடெங்கும் இப்படிச் சுமார் 2,000 தீர்ப்பாயங்கள். ஒன்றில் 5 முதல் 25 உறுப்பினர்கள். பெரும்பாலும் நகரசபை உறுப்பினர்கள், கடைக்காரர்கள், ஓய்வுபெற்ற பெரியவர்கள். பக்கத்தில் ராணுவத் துறையின் பிரதிநிதி ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் விண்ணப்பதாரரைக் குறுக்கு விசாரணை செய்யலாம், தீர்ப்பு பிடிக்காவிட்டால் மேல்முறையீடும் செய்யலாம். விண்ணப்பதாரருக்கு அடுத்த படி மாவட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம். அதற்கும் மேலே லண்டனில் மத்தியத் தீர்ப்பாயம். அங்கே போகக் கீழே இருப்பவர்களின் அனுமதி வேண்டும்.

கோளாறு இரண்டு இடத்தில் நேர்ந்தது. முதலாவது நேரம். ஒரு மாலையில் பத்து இருபது வழக்குகள். பேக்கரிக்காரர், குதிரைவண்டிக்காரர், விதவைத் தாயின் ஒரே மகன் என்று வரிசை நிற்கும்போது மனசாட்சிக்காரருக்குக் கிடைப்பது சில நிமிஷம். இரண்டாவது, சட்ட வாசகத்தின் குழப்பம். மனசாட்சிக் காரணத்துக்கு முழு விலக்கு கொடுக்கலாமா, ஆயுதம் ஏந்துவதிலிருந்து மட்டும் விலக்கா என்பது பல தீர்ப்பாயங்களுக்கு விளங்கவில்லை. மே மாதத் திருத்தச் சட்டம் ‘முழு விலக்கும் தரலாம்’ என்று தெளிவாக்குவதற்குள் ஆயிரக்கணக்கான வழக்குகள் முடிந்துவிட்டன.

‘உன் தங்கையை ஒரு ஜெர்மானியன் தாக்கினால் என்ன செய்வாய்?’ என்று உண்மையிலேயே கேட்டார்களா?

கேட்டார்கள், ஊர் ஊராக. தங்கை என்ற இடத்தில் அம்மா வரும், மனைவி வரும். ‘தடுப்பேன்’ என்றால் ‘அப்படியானால் நீ வன்முறைக்கு எதிரி இல்லை’ என்று தள்ளுபடி. ‘சும்மா இருப்பேன்’ என்றால் ‘நீ மனுஷனே இல்லை’ என்று தள்ளுபடி. எழுத்தாளர் லிட்டன் ஸ்ட்ரேச்சி 1916 மார்ச்சில் ஹாம்ஸ்டெட் தீர்ப்பாயத்தில், நடுவே தன் உடலைக் கொண்டுவந்து நிறுத்த முயல்வேன் என்று விஷமமாகப் பதில் சொன்னது பிரபலம். அவருக்கு அது முடிந்தது. உடல்நிலை காரணமாக மருத்துவப் பரிசோதனையிலேயே தப்பினார். ஒரு மில் தொழிலாளிக்கு அந்த வாய்ச்சாலகம் உதவியிருக்காது.

கழகம் தன் உறுப்பினர்களுக்கு ஒத்திகை விசாரணை நடத்தி, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் பழக்கியது. அதிலும் ஒரு சிக்கல்: பதில் சரளமாக வந்தால் ‘சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறான்’ என்பார்கள்.

தீர்ப்பாயம் என்னென்ன தீர்ப்பு தரலாம்?

முழு விலக்கு. இது சில நூறு பேருக்கே கிடைத்தது.

நிபந்தனை விலக்கு: பண்ணை, காடு, மருத்துவமனை போன்ற ‘தேசிய முக்கியத்துவம் உள்ள வேலை’ செய்தால் படைக்கு வர வேண்டாம். எந்த வேலை அப்படிப்பட்டது என்று சொல்ல பெல்ஹம் குழு அமைக்கப்பட்டது. ஏறத்தாழ 4,000 பேர் இந்த வழியில் போனார்கள். குவேக்கர்கள் நடத்திய ஃப்ரெண்ட்ஸ் ஆம்புலன்ஸ் யூனிட் என்ற மருத்துவ உதவிக் குழுவில் சேர்ந்தவர்களும் உண்டு.

ஆயுதமில்லாச் சேவை: 1916 மார்ச்சில் உருவான நான்-காம்பேட்டன்ட் கோர் என்ற பிரிவு. ஏறக்குறைய 3,400 பேர். காக்கி உடுத்து, ராணுவ ஒழுங்குக்குக் கட்டுப்பட்டு, சாலை போடுவது, சரக்கு இறக்குவது. துப்பாக்கி மட்டும் இல்லை. பத்திரிகைகள் இவர்களை ‘நோ கரேஜ் கோர்’, அதாவது தைரியமில்லாப் படை, என்று கேலி செய்தன.

நான்காவது, தள்ளுபடி.

இதில் மூன்றாவது தீர்ப்பைப் பெற்றவர்களில் பலர் அதை ஏற்கவில்லை. ‘நான் மூட்டை தூக்கினால், மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன் துப்பாக்கி தூக்கப் போவான்’ என்பது அவர்கள் கணக்கு. தவறான கணக்கு என்று யாராலும் சொல்ல முடியாது. ராணுவமும் அதே கணக்கைத்தான் போட்டது.

தள்ளுபடியான பின் ஒருவருக்கு என்ன நேரும்? படிப்படியாகச் சொல்ல முடியுமா?

அழைப்பாணை வரும். போகமாட்டார். போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து கூட்டிப்போவார். பெரும்பாலும் தெரிந்தவர்தான், சமயத்தில் ‘சாப்பிட்டுவிட்டு வாருங்கள்’ என்று காத்திருப்பவர். மறுநாள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துவார்கள். வழக்கமாக 40 ஷில்லிங் அபராதம், பிறகு ராணுவக் காவலரிடம் ஒப்படைப்பு. முகாமில் காக்கியை நீட்டி ‘உடுத்து’ என்று உத்தரவு. மறுத்தால் காவலறை. சில இடங்களில் பலவந்தமாக உடுத்திவிடுவார்கள், அவர் கழற்றிப் போட்டுவிட்டுப் போர்வையோடு உட்கார்ந்திருப்பார். அடுத்தது ராணுவ நீதிமன்றம். முதல் முறைக்கு வழக்கமான தண்டனை 112 நாள் கடுங்காவல். 1916 மே 25-ல் வந்த ராணுவ உத்தரவுக்குப் பிறகு, இப்படித் தண்டனை பெற்றவர்களைச் சிவில் சிறைக்கு அனுப்பினார்கள்.

தண்டனை முடிந்து சிறைக் கதவு திறந்தால் வெளியே நிற்பது குடும்பம் அல்ல, ராணுவக் காவலர். சட்டப்படி அவர் இன்னும் சிப்பாய். மறுபடி முகாம், மறுபடி காக்கி, மறுபடி மறுப்பு. இந்த முறை ஒரு வருஷம், அதற்கடுத்த முறை இரண்டு வருஷம். இந்தச் சுழலில் சுமார் 6,000 பேர் ராணுவ நீதிமன்றத்தைப் பார்த்தார்கள். ஒரே மறுப்புக்கு மூன்று, நான்கு முறை தண்டனை பெற்றவர்கள் அதில் உண்டு.

மறுத்தவர்களுக்கு மரண தண்டனை விதித்தது உண்மையா?

உண்மை. 35 பேருக்கு விதிக்கப்பட்டது. ஒருவர்கூடச் சுடப்படவில்லை.

1916 மே மாதம் ஹாரிச் கோட்டை, யார்க்ஷயரின் ரிச்மண்ட் கோட்டை, சீஃபோர்ட் முதலான முகாம்களில் அடைபட்டிருந்த சுமார் 50 மறுப்பாளர்களை ராணுவம் பிரான்சுக்கு அனுப்பியது. கடலைத் தாண்டினால் அது போர்முனைச் சேவை. பிரிட்டனில் சிறைத்தண்டனைக்குரிய கீழ்ப்படியாமை அங்கே மரண தண்டனைக்குரியது. இடமாற்றத்தின் நோக்கமே அதுதான். ஹாரிச்சிலிருந்து போன ரயில் லண்டனைக் கடக்கும்போது ஒருவர் ஜன்னல் வழியே வீசிய துண்டுச் சீட்டு கழக அலுவலகத்தை எட்டியது. கழகத்தின் தூதுக்குழு பிரதமர் ஆஸ்க்வித்தைப் பார்த்தது. நாடாளுமன்றத்தில் கேள்விகள் பறந்தன.

மே 29-ல் ரிச்மண்டிலிருந்து போன 16 பேரில் பெர்ட் பிராக்கிள்ஸ்பி என்ற மெதடிஸ்ட் பள்ளி ஆசிரியரும் இருந்தார். போர்முனையிலிருந்து வீட்டுக்கு அனுப்ப அச்சிட்ட அட்டை ஒன்று உண்டு. ‘நலமாயிருக்கிறேன்’, ‘அடித்தளத்துக்கு (பேஸ்) அனுப்பப்படுகிறேன்’, ‘நெடுநாளாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை’ என்று வரிசையாக ஆங்கில வாக்கியங்கள் அச்சாகியிருக்கும். வேண்டாததை அடித்துவிட்டு அனுப்ப வேண்டும். ஒரு சொல் கூடுதலாக எழுதினால் அட்டை கிழிக்கப்படும். பிராக்கிள்ஸ்பி ஒரு சொல்லும் எழுதவில்லை, அடிக்க மட்டும் செய்தார். ‘அனுப்பப்படுகிறேன்’ என்பதை விட்டுவைத்தார். ‘பேஸ்’ என்ற சொல்லில் முதல் எழுத்தான ‘பி’-யை மட்டும் விட்டார். கீழே ‘யூ’ என்ற சொல்லின் கடைசி இரண்டு எழுத்து, அதே வரியின் ‘லாங்’. சேர்த்துப் படித்தால் பூலோன், பிரெஞ்சுத் துறைமுகத்தின் பெயர். தணிக்கையாளர் கண்ணுக்கு அது வெறும் அடித்தல். ஆள் எங்கே இருக்கிறார் என்பது வீட்டுக்குத் தெரிந்துவிட்டது.

ஜூன் மாதம் பூலோனில் ராணுவ நீதிமன்றம் கூடியது. ஜூன் 15-ல் முதல் நால்வருக்குத் தீர்ப்பு வாசித்தார்கள். படைகளை வரிசையில் நிறுத்தி, நடுவில் அவர்களை நிறுத்தி, துணைநிலை அதிகாரி படித்தார்: சுட்டுக் கொல்லப்பட வேண்டும். நிறுத்தம். தலைமைத் தளபதி சர் டக்ளஸ் ஹேக் உறுதிசெய்துள்ளார். இன்னொரு நிறுத்தம். அதன்பின் பத்தாண்டுக் கடுங்காவலாக மாற்றியுள்ளார். அந்த நால்வரில் முதலாவதாக நின்ற ஹாவர்ட் மார்ட்டன் ஒரு வங்கி எழுத்தர். அடுத்தடுத்த நாட்களில் மற்றவர்களுக்கும் அதே வாசிப்பு. உள்ளே அரசு ‘சுடக்கூடாது’ என்று முடிவெடுத்திருந்தது, ஆனால் எதிரே நிற்பவர்களுக்கு அது தெரியாது.

‘சிலுவையில் கட்டினார்கள்’ என்பது மிகையா?

அந்தத் தண்டனையின் பெயர் களத் தண்டனை எண் 1. மறுப்பாளர்களுக்கென்று ஏற்பட்டதல்ல, சாதாரணச் சிப்பாய்களுக்கும் உண்டு. சக்கரத்திலோ கம்பத்திலோ வேலியிலோ ஆளைக் கட்டி வைப்பார்கள்: நாளுக்கு இரண்டு மணிநேரம் வரை, நான்கு நாளில் மூன்று நாளுக்கு மிகாமல், மொத்தம் 21 நாளுக்கு மிகாமல். கைகளை விரித்துக் கட்டியதால் சிப்பாய்களே அதைச் சிலுவையேற்றம் என்றார்கள். பிரான்சுக்குப் போன மறுப்பாளர்கள் இதை அனுபவித்தார்கள். நியூசிலாந்து மறுப்பாளர் ஆர்ச்சிபால்ட் பாக்ஸ்டருக்கு 1918-ல் நேர்ந்தது இன்னும் கொடூரம். விதியில் இருந்த வரம்புகள் களத்தில் ஒவ்வொரு அதிகாரியின் மனப்போக்கைப் பொறுத்தே இருந்தன.

சிவில் சிறையில் வாழ்க்கை எப்படி?

முதல் இரண்டு வாரம் மெத்தையில்லாப் பலகை. முதல் மாதம் தனியறையில் தபால் பை தைப்பது. கித்தான் துணி, மெழுகு பூசிய நூல், தடித்த ஊசி, விரல்கள் வெடிக்கும். முதல் கடிதத்துக்கு இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். இவை எல்லாவற்றையும்விட மோசமானது பேசக்கூடாது என்ற விதி. உடற்பயிற்சிக்காக வட்டமாக நடக்கும்போதும், வேலைக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் வாய் திறந்தால் ரொட்டியும் தண்ணீரும்தான் உணவு.

உதடு அசையாமல் பேசக் கற்றார்கள். சுடுநீர்க் குழாயில் தட்டித் தட்டிச் செய்தி அனுப்பினார்கள், சிலர் அப்படியே சதுரங்கம்கூட ஆடினார்கள். லிவர்பூலின் வால்டன் சிறையில் ஃபென்னர் பிராக்வே பென்சில் ஈயத் துண்டுகளை உள்ளங்காலில் ஒட்டிக்கொண்டு உள்ளே கொண்டுபோய், கழிவறைத் தாளில் ‘வால்டன் லீடர்’ என்ற பத்திரிகை நடத்தினார். பிரதி ஒன்றே ஒன்று. கை மாறிக் கை மாறிப் போகும். சந்தா? ஒரு கழிவறைத் தாள். வின்செஸ்டர், கான்டர்பரி சிறைகளிலும் இப்படிப் பத்திரிகைகள் இருந்தன. கேலிச்சித்திரம், கவிதை, நீதிமன்றச் செய்தி எல்லாம் வந்தன.

உள்துறைத் திட்டம் என்கிறார்களே, அது என்ன? அதை ஏன் சிலர் ஏற்கவில்லை?

35 பேர் விவகாரத்துக்குப் பிறகு அரசு ஒரு வழி தேடியது. சிறையில் இருப்பவர்களை மத்தியத் தீர்ப்பாயம் மறுபடி விசாரிக்கும். மனசாட்சி உண்மையானது என்று பட்டால், சிறைக்குப் பதில் வேலை முகாமுக்குப் போகலாம். நாள்கூலி 8 பென்ஸ்.

1916 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் அபர்டீனுக்குப் பக்கத்தில் டைஸ் என்ற ஊரில் முதல் முகாம். சுமார் 250 பேர், கருங்கல் குவாரி, சாலைக்கு ஜல்லி உடைக்கும் வேலை. தங்குவது பழைய கூடாரங்களில். மழை கொட்டியது, தரை சேறானது, கூடாரம் ஒழுகியது. வந்தவர்கள் பலர் சிறையிலிருந்து நேரே வந்த எழுத்தர்கள், ஆசிரியர்கள், மாணவர்கள். ஸ்டாக்போர்ட் ஊரைச் சேர்ந்த வால்டர் ராபர்ட்ஸ் என்ற 20 வயது இளைஞர் காய்ச்சலில் படுத்தார். தாய்க்குக் கடைசிக் கடிதத்தை நண்பர் கையால் எழுதவைத்தார். செப்டம்பர் 8-ல் நிமோனியாவில் இறந்தார். அக்டோபரில் முகாமை மூடிவிட்டார்கள்.

1917 மார்ச்சில் டார்ட்மூர் சிறையைக் காலிசெய்து ‘பிரின்ஸ்டவுன் வேலை மையம்’ என்று பெயர் மாற்றி, அறைப் பூட்டுகளைக் கழற்றிவிட்டு, ஏறத்தாழ 1,000 பேரை வைத்தார்கள். பத்திரிகைகள் ‘சொகுசு வாழ்க்கை’ என்று கூச்சலிட்டன. உள்ளே இருந்தவர்களோ, பயனில்லாத வேலையை வேண்டுமென்றே கொடுக்கிறார்கள் என்று குறைப்பட்டார்கள். இரண்டு பக்கமும் கொஞ்சம் உண்மை இருந்தது.

எந்த வேலையையும் ஏற்காத 1,300-க்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். ‘அப்சலூட்டிஸ்டுகள்’, முழு மறுப்பாளர்கள். கட்டாயம் என்பதையே ஒப்புக்கொள்ளாதவர்களுக்கு, கட்டாயத்தின் கீழ்க் கொடுக்கும் வேலை பண்ணையாக இருந்தால் என்ன, குவாரியாக இருந்தால் என்ன? கழகத்துக்குள் இதுதான் பெரிய சண்டை. திட்டத்தை ஏற்றவர்களைக் கோழைகள் என்பதா, ஏற்காதவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்பதா என்று கூட்டங்கள் நீண்டன. இன்று படிக்கும்போது, எதிரியை விட்டுவிட்டுப் பங்காளிகள் அடித்துக்கொண்ட மாதிரி இருக்கிறது. ஆனாலும் அவர்கள் வாதித்த கேள்வி சின்னதல்ல.

எத்தனை பேர் இறந்தார்கள்?

காவலிலோ, காவலில் கெட்ட உடல்நிலையாலோ 70-க்கும் மேற்பட்டவர்கள். காசநோய், நிமோனியா, 1918-ன் விஷக்காய்ச்சல். 1917 கடைசியில், உடல்நிலை மோசமானவர்களை விடுவிக்க அரசு இணங்கி, சுமார் 300 பேரை விட்டது. கழகத் தலைவர் கிளிஃபர்ட் ஆலன் அதில் ஒருவர்.

பெண்களுக்குக் கட்டாயச் சேவை கிடையாதே, அவர்கள் பங்கு என்ன?

ஆண்கள் ஒவ்வொருவராக உள்ளே போகப் போக, கழகத்தை நடத்தியவர்கள் பெண்கள். பெண் வாக்குரிமை இயக்கத்திலிருந்து வந்த கேத்தரின் மார்ஷல் அமைப்புச் செயலாளர். ஒவ்வொரு மறுப்பாளருக்கும் ஓர் அட்டை: கைது நாள், தீர்ப்பாயம், ராணுவ நீதிமன்றம், இப்போது எந்தச் சிறை, உடல்நிலை. ஊர்க்கிளைகளிலிருந்து தகவல் வர வர அட்டை புதுப்பிக்கப்படும். பிலிப் ஸ்நோடன் போன்ற உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் ‘இன்ன தேதியில், இன்ன முகாமில், இன்னாரை அடித்தது உண்மையா?’ என்று கேட்டதற்கு ஆதாரம் இந்த அட்டைகள். அமைச்சரால் ‘விசாரிக்கிறேன்’ என்று மழுப்ப முடியாது, தேதி கையில் இருக்கிறது. ஒவ்வொரு பொறுப்புக்கும் ‘நிழல்’ ஆள் ஒருவர் நியமனம். ஒருவர் கைதானால் மறுநாள் காலை அடுத்தவர் நாற்காலியில். மார்ஷல் 1917-ல் வேலைச் சுமையால் நொடிந்துபோனார்.

கழகத்தின் வாரப் பத்திரிகை ‘தி ட்ரிப்யூனல்’ 1916 மார்ச்சிலிருந்து 1920 ஜனவரி வரை வந்தது. 1918-ல் போலீஸ் அச்சகத்துக்குள் புகுந்து இயந்திரத்தைப் பிரித்தெடுத்துக்கொண்டு போனது. அடுத்த இதழ் அளவில் சுருங்கி வந்தது, ஆனால் வந்தது. ஒரு வீட்டில் மறைத்து வைத்த சிறு கைப்பொறியில் அச்சடித்தார்கள். ஆசிரியர் லிடியா ஸ்மித், வெளியீட்டாளர் ஜோன் பீச்சம். அச்சடிப்பவர் யார் என்று சொல்ல மறுத்த வயலெட் டில்லார்டுக்கு 61 நாள் சிறை. போலீஸ் அந்தப் பொறியைக் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.

இதற்கு முன்பே, 1915 ஏப்ரல் கடைசியில் நெதர்லாந்தின் ஹேக் நகரில் பெண்களின் சர்வதேச மாநாடு கூடியது. தலைமை அமெரிக்காவின் ஜேன் ஆடம்ஸ். 12 நாடுகளிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள். பிரிட்டனிலிருந்து 180 பேர் கிளம்பத் தயாராக இருந்தார்கள். கடவுச்சீட்டு மறுப்பும் கடல்வழி மூடலும் சேர்ந்து, மூன்றே பேர் போய்ச் சேர்ந்தார்கள்.

தத்துவஞானி பெர்ட்ரண்ட் ரசல் எதற்காகச் சிறை போனார்?

படைவயதைத் தாண்டியவர் என்பதால் மறுப்பாளராக அல்ல, எழுதியதற்காக. 1916-ல் எவரெட் என்ற மறுப்பாளருக்குக் கிடைத்த தண்டனையைக் கண்டித்துத் துண்டறிக்கை எழுதினார். அதை விநியோகித்தவர்களைக் கைதுசெய்தபோது, ‘எழுதியவன் நான்’ என்று தானே செய்தித்தாளுக்குக் கடிதம் போட்டார். 100 பவுண்டு அபராதம். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி வேலையும் போனது. 1918-ல் ‘தி ட்ரிப்யூனல்’ கட்டுரை ஒன்றுக்காக ஆறு மாதம் பிரிக்ஸ்டன் சிறை. மேல்முறையீட்டில் முதல் வகுப்புக் கைதியானதால் புத்தகமும் பேனாவும் கிடைத்தன. கணிதத் தத்துவத்துக்கு ஓர் அறிமுக நூலை அங்கேயே எழுதினார். தபால் பை தைத்தவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை.

எப்போது விடுதலையானார்கள்?

போர் 1918 நவம்பர் 11-ல் நின்றது. முழு மறுப்பாளர்கள் வெளியே வரத் தொடங்கியது 1919 ஏப்ரலில், கடைசி ஆட்கள் கோடையில். சிப்பாய்கள் ஊர் திரும்புவதற்கு முன் இவர்களை விடக்கூடாது என்பது அரசின் கணக்கு. வெளியே வந்தால் வேலை இல்லை. ஆசிரியர் வேலையில் இருந்தவர்களைப் பள்ளிகள் எடுக்கவில்லை. போதாததற்கு, பெண்களுக்கு முதன்முதலில் வாக்குரிமை தந்த அதே 1918 சட்டம், மறுப்பாளர்களுக்கு ஐந்தாண்டு வாக்குரிமையைப் பறித்தது.

இந்தியாவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

கட்டாயச் சேவை இந்தியர்களுக்குப் பொருந்தவில்லை. இந்தியாவில் வாழ்ந்த ஐரோப்பிய பிரிட்டிஷ் குடிகளுக்கு மட்டும் 1917-ல் இந்தியப் பாதுகாப்புப் படைச் சட்டம் வந்தது. காந்தி இந்தப் போரை எதிர்த்தார் என்று பலர் நினைக்கிறார்கள். எதிர்க்கவில்லை. 1914-ல் லண்டனில் இந்திய ஆம்புலன்ஸ் படை திரட்டினார். 1918-ல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் கிராமம் கிராமமாக நடந்து படைக்கு ஆள் சேர்க்க முயன்றார். சற்று முன் அங்கே அவர் நடத்திய வரிகொடாப் போராட்டத்தில் வண்டி கொடுத்த மக்கள் இதற்கு வண்டிகூடக் கொடுக்கவில்லை.

பிராக்வே 1888-ல் கல்கத்தாவில் பிறந்தவர், இந்திய விடுதலைக்குக் கடைசிவரை குரல் கொடுத்தவர். போருக்குப் பின் 1921-ல் நெதர்லாந்தில் தொடங்கி, முன்னாள் கைதி ரன்ஹம் பிரவுனின் செயலாண்மையில் வளர்ந்த போர் எதிர்ப்பாளர் சர்வதேச அமைப்பு, தன் மூவாண்டு மாநாட்டை 1960 டிசம்பரில் திண்டுக்கல் பக்கத்துக் காந்திகிராமத்தில் கூட்டியது.

இரண்டாம் உலகப் போரில் நிலைமை மாறியதா?

நிறைய. 1939-ல் போர் தொடங்கிய நாளிலேயே சட்டம் வந்தது. தீர்ப்பாயத்துக்கு நீதிபதி தலைவர்; ராணுவப் பிரதிநிதி இல்லை. ஏறத்தாழ 60,000 பேர் மறுப்பாளர்களாகப் பதிந்தார்கள், இம்முறை பெண்களும் உண்டு. சிறை சென்றவர்கள் விகிதம் வெகுவாகக் குறைந்தது. சிறை கண்டவர்களில் இசையமைப்பாளர் மைக்கேல் டிப்பெட் ஒருவர். 1994 மே 15-ல் லண்டன் டாவிஸ்டாக் சதுக்கத்தில் மறுப்பாளர் நினைவுக் கல்லைத் திறந்துவைத்தவரும் அவரே. அதே சதுக்கத்தில் காந்தி சிலையும் இருக்கிறது.

குறிப்பிட்ட ஒரு மறுப்பாளரைப் பற்றித் தேடுவது எப்படி?

முதலில் பியர்ஸ் பதிவேடு. வரலாற்றாளர் சிரில் பியர்ஸ் தொகுத்த பெயர்ப் பட்டியல். இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் முதல் உலகப் போர்த் தளத்தில் தேடலாம். பெயர் கிடைத்தால் ஊரும் தீர்ப்பாயமும் தெரியும். அடுத்து 1916 மார்ச் முதல் ஜூலை வரையிலான உள்ளூர்ச் செய்தித்தாள்கள். பெயர் போடாமல் ‘ஒரு மனசாட்சிக்காரர்’ என்றே பல இதழ்கள் எழுதியதால், தேதியையும் தொழிலையும் வைத்து ஒப்பிட வேண்டும்.

தீர்ப்பாயக் கோப்புகளை எதிர்பார்த்துப் போகாதீர்கள். 1920-களின் தொடக்கத்தில் அரசே அழிக்கச் சொல்லிவிட்டது. மாதிரிக்காகக் காப்பாற்றிய மிடில்செக்ஸ் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயக் கோப்புகள், 8,000-க்கும் மேற்பட்டவை, லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் எம்.எச். 47 என்ற வரிசையில் இருக்கின்றன. அவற்றிலும் மனசாட்சி வழக்கு ஏறத்தாழ 20-ல் ஒன்றே. மற்றவை கடை, தாய், தொழில் பற்றியவை. ராணுவ நீதிமன்றப் பதிவேடுகள் டபிள்யூ.ஓ. 86 (உள்நாடு), டபிள்யூ.ஓ. 213 (களம்) வரிசைகளில் உள்ளன. கேத்தரின் மார்ஷலின் தாள்கள் கார்லைல் ஆவணக் காப்பகத்தில்.

ஒரு எச்சரிக்கை. சேவைப் பதிவில் ‘விடுப்பின்றி வராதவர்’, ‘படையிலிருந்து ஓடியவர்’ என்று இருந்தால், பாட்டனார் போர்முனையிலிருந்து ஓடிப்போனார் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அழைப்பாணைக்குப் போகாத எல்லாருக்கும் எழுத்தர் போட்ட முத்திரை அது. பக்கத்தில் 112 நாள் தண்டனையும் ஒரு சிவில் சிறையின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். ரிச்மண்ட் கோட்டையின் காவலறைச் சுவரில் சுண்ணாம்பு மேல் பென்சிலால் எழுதிய பெயர்கள் இன்றும் இருக்கின்றன. பிராக்கிள்ஸ்பி அங்கே வரைந்த, தனக்கு நிச்சயமான பெண்ணின் முகமும் இருக்கிறது. சுண்ணாம்பு உதிர்கிறது என்பதால் அவற்றை ஒளிப்படம் எடுத்துப் பதிவு செய்திருக்கிறார்கள். நேரில் போகிறவர்கள் கைவைக்க வேண்டாம்.